மாவா, சுட்ட குக்கீயா? கிறிஸ்துமஸ் நேரத்தில் ப்ரீஸரில் எதற்கு இடம்

டிசம்பர் மூன்றாவது வாரம், இரவு ஒன்றரை மணி இருக்கும். தெருமுனையில் கிட்டார் சத்தம் கேட்டதும் எழுந்து விளக்கைப் போடுவோம். சர்ச்சிலிருந்து கேரல் ரவுண்ட்ஸ். இருபத்தைந்து பேருக்குக் குறையாது. பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள், கூடவே தூக்கக் கலக்கத்தில் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. இரண்டு பாட்டு, ஒரு சின்ன ஜெபம், பத்தே நிமிடத்தில் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்குள் அவர்கள் கையில் எதையாவது கொடுத்தாக வேண்டும்.

அப்புறம் 25-ஆம் தேதி காலை. நள்ளிரவு ஆராதனை முடிந்து வந்து, இரண்டு மணிக்குப் படுத்து, எட்டு மணிக்கு ஒவ்வொருவராக எழுந்து வருகிற நேரம். அப்போது வீட்டில் வெண்ணெய் உருகும் வாசனை இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எனக்குப் பண்டிகை தொடங்கியதாகவே தோன்றாது.

இந்த இரண்டு வேளைக்கும் நான் கொடுப்பது ஒரே சாக்லேட் சிப் குக்கீதான். இரண்டும் ஒரே அளவில், ஒரே விதமாகப் பிசைந்த மாவு. ஆனால் கேரல்காரர்களுக்குப் போவது சுட்டு ப்ரீஸரில் வைத்தது. 25-ஆம் தேதி காலையில் எடுப்பது மாவாகவே உறைந்திருந்தது. "எப்படி வைத்தால் நல்லது?" என்று தோழிகள் கேட்கும்போது, "யார் சாப்பிடப் போகிறார்கள், எத்தனை மணிக்கு?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். அடுத்த கேள்வி, "உங்கள் ஓ.டி.ஜி. (மேஜைமேல் வைக்கிற சின்ன மின் அடுப்பு) எத்தனை லிட்டர்?"

இரண்டாவது கேள்விதான் உண்மையில் பெரியது. என்னிடம் இருப்பது 28 லிட்டர் ஓ.டி.ஜி. ஒரு தட்டில் 12 குக்கீ. நெருக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுட 14 நிமிடம், தட்டை மாற்றி அடுத்ததை வைக்க நான்கு நிமிடம். 150 குக்கீ வேண்டுமென்றால் 13 தட்டு, ஏறக்குறைய நான்கு மணி நேரம் அடுப்பு முன்னாலேயே நிற்க வேண்டும். ஆனால் அந்த 150 குக்கீக்கு மாவு பிசைய ஆவது என்னவோ முக்கால் மணி நேரம்தான்.

இந்தக் கணக்கைப் பலரும் போட்டுப் பார்ப்பதில்லை. மாவை உறையவைத்தால் உங்களுக்கு மிச்சமாவது பிசைகிற வேலை, அதாவது அந்த முக்கால் மணி நேரமும் பாத்திரம் கழுவுகிற எரிச்சலும். அடுப்பு வேலை அப்படியே பாக்கி இருக்கிறது. சுட்டு உறையவைத்தால்தான் நான்கு மணி நேரம் மிச்சம். பண்டிகை வாரத்தில் கலகலாவும் அச்சு முறுக்கும் எண்ணெய்ச் சட்டியில் ஒரு நாளை விழுங்கிவிடும். 24-ஆம் தேதி மட்டனுக்கு வரிசையில் நிற்பது தனி. அந்த நெருக்கடியில் நான்கு மணி நேரம் எங்கிருந்து வரும்? பெரிய அடுப்பு இருக்கிறது, ஒரே நேரத்தில் மூன்று தட்டு போகும் என்றால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும். அவர்கள் தாராளமாக எல்லாவற்றையும் மாவாகவே வைத்துக்கொள்ளலாம்.

மின்சாரக் கணக்கும் கொஞ்சம் உண்டு. ஓ.டி.ஜி. 1,500 வாட் என்று வைத்துக்கொண்டால், சூடேறும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட் வரை இழுக்கும். உறைந்த மாவைத் தினமும் ஆறு ஆறாகச் சுட்டால் ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் வெறும் அடுப்பைச் சூடாக்க வேண்டும். ஒரே மூச்சில் சுட்டால் அது ஒரு தடவையோடு போய்விடும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிற வீடுகளில் இதையும் பார்ப்பார்கள். நான் பார்ப்பேன்.

ருசி என்று வந்தால் போட்டியே இல்லை, மாவுதான். உறைந்த மாவிலிருந்து சுட்ட குக்கீ, அன்றே பிசைந்து அன்றே சுட்டதைவிடப் பல நேரம் நன்றாகவே இருக்கும். மாவு குளிரில் கிடக்கும்போது மைதா, முட்டையிலும் வெண்ணெயிலும் உள்ள ஈரத்தை நிதானமாக உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் மாவு கெட்டிப்படும், குக்கீயின் நிறமும் மணமும் ஆழமாக வரும். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. சாக்லேட் சிப் குக்கீயை 1930-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள விட்மன் ஊரில், டோல் ஹவுஸ் என்ற விடுதியில் உருவாக்கிய ரூத் வேக்ஃபீல்டும் மாவை இரவு முழுக்கக் குளிரில் வைத்த பிறகே சுடுவாராம். அந்தக் காலத்தில்தான் அங்கே வீடுகளுக்குக் குளிர்பெட்டி பரவலாக வந்தது. மாவை உருளையாக உருட்டி அதில் வைத்து, வேண்டும்போது வெட்டிச் சுடுகிற 'ஐஸ்பாக்ஸ் குக்கீ'யும் அப்போதுதான் பிரபலமாயிற்று.

சென்னைச் சமையலறைக்கு இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. வெண்ணெய் 32 டிகிரியைத் தொட்டாலே உருகத் தொடங்கும். டிசம்பரிலும் நம் பகல் 29 டிகிரி, ஓ.டி.ஜி. பக்கத்தில் நின்றால் அதற்கும் மேல். சாதாரணமாகப் பிசைந்து தட்டில் வைத்த மாவு அடுப்புக்குள் போகும் முன்பே தளர்ந்துவிடுகிறது. உள்ளே போனதும் தோசையாகப் பரவும். நான் முதல் மூன்று வருடம் சுட்டதெல்லாம் குக்கீ இல்லை, சாக்லேட் தோசை. கல்லாக உறைந்த மாவு அப்படிப் பரவாது. வெளிப்புறம் வெந்து நிலைத்த பிறகுதான் நடுவில் இருக்கும் வெண்ணெய் உருகும். அதனால் குக்கீ தடிமனாக நிற்கும்.

மாவை வைக்கும் முறையில் இரண்டு விஷயம் முக்கியம். 30 கிராம் உருண்டைகளாகப் பிடித்து, உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிட வேண்டும். முழு உருண்டையாக உறையவைத்தால் ஓரம் சிவந்தும் நடு பச்சையாகவே நிற்கும். தட்டிய உருண்டைகளைப் பட்டர் பேப்பர் விரித்த தட்டில் ஒட்டாமல் பரப்பி, இரண்டு மணி நேரம் ப்ரீஸரில் கெட்டிப்படுத்திய பிறகே கவரில் கொட்ட வேண்டும். அவசரப்பட்டு நேராகக் கவரில் போட்டால் எல்லாம் ஒரே பாறையாகிவிடும், அப்புறம் சுத்தியல்தான். சுடும்போது உருக வைக்க வேண்டியதில்லை. அப்படியே தட்டில் வைத்து, வழக்கமான நேரத்தோடு இரண்டு மூன்று நிமிடம் கூட்டினால் போதும். கவர் மேலே தேதியும், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்பதும் எழுதி வையுங்கள். 25-ஆம் தேதி காலையில் குறிப்பு நோட்டைத் தேடுகிற பொறுமை யாருக்கும் இருக்காது.

எல்லா மாவும் இதற்கு ஒத்துவராது. கரண்டியால் ஊற்றுகிற பதத்தில் இருப்பவை, முட்டை வெள்ளையை நுரைக்க அடித்துச் செய்பவை ஆகியவற்றை உறையவைத்தால் நுரை அடங்கி நீர்த்துவிடும். மாவை உறையவைக்க ஏற்றவை வெண்ணெய் நிறைந்த கெட்டி மாவுகள்: சாக்லேட் சிப், ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய், ஷார்ட்பிரெட், இஞ்சி-பட்டை குக்கீ.

சரி, சுட்டு வைத்தால் ருசி எவ்வளவு குறையும்? ஒழுங்காக வைத்து ஒழுங்காக எடுத்தால் பத்துக்கு எட்டு என்பேன். ஆனால் அந்த 'ஒழுங்காக எடுத்தால்' என்ற இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் மேஜைமேல் வேர்க்கிறதே, அதே வேர்வை குக்கீமீதும் படியும். வடகிழக்குப் பருவமழைக் காற்றில் ஈரத்துக்கு என்ன குறைச்சல்? டப்பாவைத் திறந்து, சில்லென்ற குக்கீயைத் தட்டில் பரப்பி வைத்தால் கால் மணி நேரத்தில் நமுத்துப்போகும். பிறகு, "ப்ரீஸரில் வைத்தால் நல்லாவே இல்லை" என்று அதன் மேல் பழி. டப்பாவைத் திறக்காமலே வெளியே வையுங்கள். வேர்வை டப்பாவின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் உள்ளே இருப்பது அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்கலாம். மொறுமொறுப்பு இன்னும் வேண்டுமென்றால் 150 டிகிரியில் நான்கு நிமிடம். கேரல் வருகிற நாட்களில் இரவு படுக்கப் போகும்போது டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவேன்; அவர்கள் வரும்போது தயாராக இருக்கும்.

உள்ளே வைக்கும்போதும் ஒன்று கவனிக்க வேண்டும். குக்கீ முழுசாக ஆறிய பிறகே மூட வேண்டும். வெதுவெதுப்பாக மூடினால் ஆவி உள்ளேயே நின்று, ஐஸாகி, எடுக்கும்போது தண்ணீராகும். ஆறிய அன்றே வைத்துவிடுவதும் முக்கியம். நான்கு நாள் வெளியே வைத்து மிச்சம் விழுந்ததை உறையவைத்தால், திரும்ப வருவது நான்கு நாள் பழைய குக்கீதான். ப்ரிட்ஜின் கீழ்த்தட்டு இதற்கு உதவாது. அது இரண்டுங்கெட்டான். மென்மையான குக்கீ அங்கே கெட்டியாகிவிடும்.

இடம் என்று பார்த்தால் மாவு ஜெயிக்கிறது, அதுவும் உருளை வடிவில். நூறு குக்கீக்கான மூன்று கிலோ மாவை உருளைகளாக உருட்டினால் மூன்று லிட்டர் இடத்தில் அடங்கும். உருண்டைகளென்றால் நான்கு லிட்டர். சுட்ட குக்கீ நூறு, உடையாமல் அடுக்க டப்பாவோடு சேர்த்து ஆறு ஏழு லிட்டர் கேட்கும். ஒற்றைக் கதவு ப்ரிட்ஜின் ப்ரீஸரே மொத்தம் 15 லிட்டர் பக்கம்தான். அதிலும் ஐஸ் ட்ரே, துருவிய தேங்காய், ஞாயிற்றுக்கிழமை மீன். இந்த வகை ப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் நவம்பரிலேயே ஒரு தடவை டிஃப்ராஸ்ட் செய்து முடித்துவிடுவது நல்லது. பாதியில் யாராவது நல்லெண்ணத்தில் அந்தப் பொத்தானை அழுத்தினால் மாவின் கதை முடிந்தது. இரட்டைக் கதவு ப்ரிட்ஜில் அந்தத் தொல்லை இல்லை. அது தானே ஐஸைக் கரைத்துக்கொள்ளும். ஆனால் அதன் காற்று வறண்டது. சரியாக மூடாத எதுவும் ஓரம் வெளுத்துக் காய்ந்துபோகும். எந்த வகையானாலும் −18 டிகிரியில் மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது ருசிக்கு நல்லது.

மீன் என்றதும் வாசனை ஞாபகம் வருகிறது. வெண்ணெய் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். நம் ப்ரிட்ஜில் என்னதான் இருக்காது? வஞ்சிரத் துண்டு, இஞ்சி பூண்டு விழுது, கீழே ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைச் சரம். ஒரு வருடம் என் ஷார்ட்பிரெட் மல்லிகை மணத்தோடு வந்தது. சாப்பிட்டவர்கள் ரோஸ் எசன்ஸ் மாதிரி வேண்டுமென்றே சேர்த்தது என்று நினைத்துப் பாராட்டினார்கள், நானும் மறுக்கவில்லை. மீன் வாசனை ஏறியிருந்தால் அந்தப் பாராட்டு கிடைத்திருக்காது. பச்சை மாவில் வெண்ணெய் வெளியிலேயே இருப்பதால் வாசனை இன்னும் எளிதாக ஏறுகிறது என்பது என் அனுபவம். கிளிங் ராப் ஒரு சுற்று, மேலே ஜிப்லாக் கவர், அதையும் டப்பாவுக்குள். மூன்று பூட்டு போட்டாலும் தப்பில்லை.

இதுவரை சொன்னதை வைத்து, இரண்டையும் பாதிப் பாதி வைக்கலாம் என்று யாரும் முடிவு செய்யலாம். 2023 வரை நான் அப்படிப் பிரிக்கவில்லை. ருசிக்காக எண்பது சதவீதம் மாவாகவே வைத்திருந்தேன். அந்த டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை வந்தது. வேளச்சேரிப் பக்கம் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், மூன்று நாள் மின்சாரம் இல்லை. முதல் நாள் ப்ரீஸரைத் திறக்கவே விடவில்லை நான். இரண்டாம் நாள் மாலை திறந்து பார்த்தால் எண்பது உருண்டையும் சேர்ந்து ஒரே களி. உள்ளே பச்சை முட்டை. எவ்வளவு நேரமாக அந்தப் பதத்தில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? மனசே வரவில்லை, ஆனாலும் கொட்டினேன். அத்தனை வெண்ணெயும் சாக்லேட்டும் போனது.

அதே ப்ரீஸரில் இருபது சுட்ட குக்கீயும் இருந்தது. டப்பா மூடியபடியே அறைச் சூட்டுக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். கொஞ்சம் நமுத்திருந்தாலும் கெடவில்லை. பால் பாக்கெட் வராத, கடை திறக்காத அந்த இரண்டு நாள், எங்கள் மாடியில் வந்து தங்கிய கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் குக்கீதான் காலைப் பலகாரம்.

அதன் பிறகுதான் பாதுகாப்பு விஷயத்தைக் கருத்தாகப் படித்தேன். கதவைத் திறக்காமல் வைத்தால், நிறைந்த ப்ரீஸர் சுமார் 48 மணி நேரமும் பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும் என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு. நம் ஊர் சூட்டுக்கும் சின்ன ப்ரீஸருக்கும் நான் அதில் பாதியைத்தான் நம்புவேன். மாவில் இன்னும் ஐஸ் துகள் இருந்தாலோ, 4 டிகிரிக்குள் இருந்தாலோ மறுபடி உறையவைக்கலாம். தளர்ந்து வெதுவெதுப்பாகிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். சுட்ட குக்கீயில் இந்தப் பயம் இல்லை. புயல் எச்சரிக்கை வந்ததும் இப்போதெல்லாம் காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை அடைத்து உறையவைத்துவிடுகிறேன். குளிர் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும்.

முட்டை சேர்க்காத மாவென்றால் பச்சையாகவே தின்னலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பிள்ளைகள் ப்ரீஸரிலிருந்து உருண்டையைத் திருடித் தின்பதை அதனால் கண்டுகொள்ளாமல் விடுகிறோம். மைதாவும் பச்சைத் தானியம்தான். 2016-ல் அமெரிக்காவில் பச்சை மாவிலிருந்து ஈ. கோலை கிருமி பலருக்குத் தொற்றி, பெரிய அளவில் மாவு பாக்கெட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். உறையவைப்பது கிருமியைத் தூங்க வைக்கும், கொல்லாது. சூடுதான் கொல்லும்.

அலங்காரம், ஜாம் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். ஐசிங் போட்டதையும் ஜாம் வைத்ததையும் உறையவைக்காதீர்கள். எடுக்கும்போது வேர்த்து நிறம் வழியும், ஜாம் ஊறிக் கீழே உள்ளது சொதசொதக்கும். வெறும் குக்கீயாக வைத்து, எடுத்த பிறகு அலங்கரிக்கலாம். வெளியூர் தங்கைக்கு அனுப்பும் பார்சலுக்கு இரண்டுமே வேண்டாம், அன்று சுட்டதையே கட்டுங்கள். உறைந்து எடுத்தது பஸ்ஸில் ஒரு இரவு குலுங்கினால் தூளாகத்தான் போய்ச் சேரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ப்ரீஸரே தேவைப்படாதவை நிறைய இருக்கின்றன. நெய் பிஸ்கட் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மூன்று வாரம் தாராளமாக இருக்கும். முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரி சேர்த்த தூத்துக்குடி மக்ரூனுக்கு வேண்டியது குளிர் இல்லை, வறட்சி. அதைப் ப்ரீஸரில் வைத்து எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். கலகலா, அச்சு முறுக்கு பற்றிச் சொல்லவே வேண்டாம். என் மாமியார் ஐம்பது வருடமாக எவர்சில்வர் தூக்கில் பழைய பேப்பரை விரித்து அடைத்து வைக்கிறார், பொங்கல் வரை மொறுமொறுவென்று இருக்கிறது. ப்ரீஸர் பற்றி நான் பேச ஆரம்பித்தாலே, "அந்த ஐஸ் பெட்டியை நம்பி எதையும் செய்யாதே" என்பார். மிக்ஜாமுக்குப் பிறகு அவர் சொல்வதை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

இப்போது என் கணக்கு இப்படி நிற்கிறது. நவம்பர் கடைசி வாரம் இரண்டு மாலைகளில் நூறு குக்கீ சுட்டு டப்பாவில் போகும். அது கேரலுக்கும், அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தட்டு அனுப்புவதற்கும். மாவாக இருப்பது நாற்பதுதான், அதுவும் டிசம்பர் பதினைந்துக்கு மேல் பிசைந்தது. புயல் மாதத்தின் முதல் பாதியை அது பார்க்கவே வேண்டாம். அந்த நாற்பதில் இருபத்து நான்கு 25-ஆம் தேதி காலைக்கு, இரண்டே தட்டு. மீதி புது வருட ஆராதனைக்குப் போய் வந்த பிறகு.

நீங்கள் சின்னக் குடும்பம், விருந்தாளி அதிகம் வரமாட்டார்கள், இன்வெர்ட்டரில் ப்ரிட்ஜ் ஓடும் என்றால் இந்த நூறு-நாற்பது கணக்கை அப்படியே மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். தினம் மாலை டீயோடு நான்கு குக்கீ சுட்டுச் சாப்பிடுகிற சுகத்துக்கு ஈடு கிடையாது.

சுட்டு வைப்பதில் ஒரு நஷ்டம் மட்டும் எந்தக் கணக்கிலும் வராது. உறைந்த குக்கீயை அப்படியே கடித்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. போன வருடம் டப்பாவில் நூறு எண்ணி வைத்தேன், முதல் கேரல் இரவு எடுத்தபோது எழுபத்தொன்று இருந்தது. வஞ்சிரத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்கலாம்தான், வாசனை ஏறிவிடும். இந்த வருடம் நூற்று முப்பது சுடுகிறேன்.